கால் மிதிக்கு ஒரு தனி மைக்கா?

கிள்ளானிலிருந்து ஒரு தாயார் எழுதியிருக்கிறார். மகன் கல்லூரியில் படிக்கிறான். நான்கு நண்பர்களோடு சேர்ந்து ஒரு பேண்ட் வைத்திருக்கிறான். சொந்தமாக இயற்றிய மூன்று பாடல்களை இந்த விடுமுறைக்குள் பதிவு செய்துவிட வேண்டும் என்று நிற்கிறான். கணினியில் இணைக்கும் இரண்டு மைக் துளைகள் கொண்ட கருவி ஒன்றும், பாடுவதற்கு ஒரு மைக்கும் போன வருடமே வாங்கிக் கொடுத்தாயிற்று. இப்போது பேஸ் டிரம்முக்கு மட்டும் இன்னொரு மைக் வேண்டுமாம். விலை பல நூறு ரிங்கிட். "ஐயா, கையால் அடிக்கிற டிரம்முக்கெல்லாம் கேட்கவில்லை. காலால் மிதிக்கிற அந்த ஒன்றுக்கு மட்டும் தனி மைக் கேட்கிறான். அவன் என்னை ஏமாற்றுகிறானா, இல்லை கடைக்காரர் அவனை ஏமாற்றுகிறாரா?" என்று கேட்டிருக்கிறார்.

இரண்டும் இல்லை அம்மா. பையன் கேட்பதில் நியாயம் இருக்கிறது. ஆனால் கடைக்குப் போவதற்கு முன்னால் அவன் வீட்டிலேயே செய்ய வேண்டிய வேலை கொஞ்சம் இருக்கிறது. அதைச் செய்யாமல் ஆயிரம் ரிங்கிட் மைக்கை வைத்தாலும் அட்டைப் பெட்டியை உதைத்த சத்தம்தான் பதிவாகும்.

டிரம்ஸ் செட்டில் தரையில் படுத்திருக்கும் பெரிய டிரம் அது. வாசிப்பவர்கள் 'கிக்' என்பார்கள். பெரும்பாலும் 22 அங்குல விட்டம். ஜாஸ் வாசிப்பவர்கள் 18 அங்குலமும் வைத்துக்கொள்வார்கள். அதன் சத்தத்தை நாம் ஒன்றாகக் கேட்டாலும் அதற்குள் இரண்டு சத்தங்கள் இருக்கின்றன. ஒன்று, நெஞ்சில் வந்து மோதும் 'தும்'. ஏறத்தாழ 50 முதல் 80 ஹெர்ட்ஸ் வரை அது குடியிருக்கும். மற்றது, மிதியின் சுத்தியல் தோலைத் தொடும் கணத்தில் எழும் 'டக்'. இது மேலே 3,000, 4,000 ஹெர்ட்ஸ் பக்கம் இருக்கும். இரண்டுக்கும் நடுவே, 300, 400 ஹெர்ட்ஸை ஒட்டி, யாருக்கும் பிடிக்காத ஒரு 'பொத்' உண்டு. நான் சொன்ன அட்டைப் பெட்டிச் சத்தம் அதுதான்.

கைப்பேசியின் சின்ன ஒலிபெருக்கியால் அந்தத் 'தும்'மை எழுப்பவே முடியாது. அதில் பாட்டுக் கேட்கும்போது நம் காதுக்கு வருவது 'டக்'கும், 'தும்'முக்கு மேலே அடுக்கடுக்காக எழும் துணை ஒலிகளும் மட்டுமே. மீதியை மூளையே இட்டு நிரப்பிக்கொள்கிறது. அதே பாட்டைக் காரில் போட்டால் கதவு அதிர்கிறது. ஆகவே நல்ல பதிவில் இரண்டும் இருந்தாக வேண்டும். ஒன்று குறைந்தால் கைப்பேசியில் டிரம் காணாமல் போகும். மற்றது குறைந்தால் காரில் பாட்டே நோஞ்சானாகிவிடும்.

இனி பாடும் மைக்குக்கு வருவோம். கோயில் மேடையிலும் கல்யாண மண்டபத்திலும் நாம் அடிக்கடி பார்க்கும் கம்பிவலைத் தலை கொண்ட மைக், ஷூர் எஸ்எம்58, 1966 முதல் விற்பனையில் இருக்கிறது. அதை அமைத்தவர்கள் ஒரு விஷயத்தை நன்றாக யோசித்திருக்கிறார்கள். பாடகர் உதட்டை மைக்கில் ஒட்டிவைத்துப் பாடுவார். அப்படி நெருங்கினால் இந்த வகை மைக்குகளில் கனத்த ஒலி தானாகவே வீங்கும். அதனால் கீழ்ப்பகுதியை முன்கூட்டியே கொஞ்சம் வெட்டி வைத்திருக்கிறார்கள். பாட்டுக்கு அது வரம். பேஸ் டிரம்முக்கு முன்னால் வைத்தால் அதே வரம் சாபமாகிவிடும். 'டக்' வரும், 'பொத்' வரும், 'தும்' மெலிந்து போகும். மைக் கெட்டுப்போகுமோ என்று பயப்பட வேண்டாம். மின்சாரம் கேட்காத டைனமிக் வகை மைக் அது; எவ்வளவு சத்தத்தையும் தாங்கும். விலை உயர்ந்த மென்மையான கண்டென்சர் மைக்கை டிரம்முக்குள் நுழைப்பதற்குத்தான் யோசிக்க வேண்டும். சுத்தியலுக்கு அருகில் சத்தம் 130 டெசிபலைச் சுலபமாகத் தாண்டும்.

பேஸ் டிரம்முக்கென்று விற்கப்படும் மைக்குகளைப் பற்றி ஒன்றை மட்டும் மனதில் வைத்துக்கொண்டால் போதும், மீதி விளங்கிவிடும். அவை உள்ளதை உள்ளபடி சொல்பவை அல்ல. மற்ற மைக்குகள் முடிந்தவரை நடுநிலையாக இருக்கப் பார்க்கும். இவையோ 'டிரம் இப்படித்தான் ஒலிக்க வேண்டும்' என்று ஓர் அபிப்பிராயத்தோடு பிறந்தவை. கீழே கொஞ்சம் ஏற்றி, நடுவில் 'பொத்'தை இறக்கி, மேலே 'டக்'கை மறுபடி தூக்கி வைத்திருப்பார்கள். ஆகவே எந்த மைக் சிறந்தது என்று கேட்பதைவிட, எந்த மைக்கின் அபிப்பிராயம் நம் பாட்டுக்குப் பொருந்தும் என்று கேட்பதுதான் புத்திசாலித்தனம்.

வழக்கமாகக் காதில் விழும் பெயர்கள் மூன்று. முட்டை வடிவத்தில் இருப்பதால் 'முட்டை' என்றே செல்லமாக அழைக்கப்படும் ஏகேஜி டி112. 1953இல் வியன்னாவில் வந்த டி12 என்ற மைக்கின் வாரிசு அது. கீழ்ப்பகுதியை மிகைப்படுத்தாது, 4,000 ஹெர்ட்ஸ் அருகே ஒரு சின்ன மேடு இருப்பதால் 'டக்' தெளிவாக வரும். அடுத்து ஷூர் பீட்டா 52ஏ. உருண்டு திரண்ட உடம்பு, 'தும்' தாராளம். மேடைக் கச்சேரிகளில் இதை நிறையப் பார்க்கலாம். மூன்றாவது ஆடிக்ஸ் டி6. மூன்றில் அபிப்பிராயம் அதிகம் உள்ளது இதற்குத்தான். நடுப்பகுதியை ஆழமாகக் குடைந்து, மேலும் கீழும் தூக்கிவிடும். செருகியதுமே ஏற்கனவே யாரோ கலவை செய்து முடித்த மாதிரி இருக்கும். வேகமான ராக், மெட்டல் வாசிப்பவர்களுக்குக் கொண்டாட்டம். ஆனால் மெலடிப் பாட்டுக்கு அது வேண்டாம் என்று தோன்றினால், குடைந்து எடுத்த நடுப்பகுதியைத் திருப்பி ஒட்டுவது சிரமம். பலவகைப் பாட்டும் வாசிக்கும் கல்லூரிப் பையன்களுக்கு என் சிபாரிசு முதல் இரண்டில் ஒன்று.

இவற்றுக்கு மேல் ஒரு படி, எலெக்ட்ரோ-வாய்ஸ் ஆர்இ20. 1968இல் வந்தது. வானொலி அறிவிப்பாளர்களின் வாய்க்கு முன்னால் கனமாகத் தொங்குமே, அதுதான். எவ்வளவு நெருங்கினாலும் கனத்த ஒலி வீங்காதபடி அதை அமைத்திருக்கிறார்கள். அபிப்பிராயம் சொல்லாத மைக் அது. டிரம் நன்றாக இருந்தால் நன்றாக இருக்கும், மோசமாக இருந்தால் மறைக்காமல் காட்டிக்கொடுக்கும். பேச்சு, பாட்டு, பாஸ் கிட்டார் எல்லாவற்றுக்கும் ஆகும் என்பதால், மூன்று நான்கு பேர் பணம் போட்டு ஒரே மைக் வாங்குவதாக இருந்தால் யோசிக்கலாம். விலைதான் முன்னவற்றைப்போல் இரண்டு மடங்குக்கும் மேல் போகும். டிரம்முக்குள் தலையணைமேல் படுக்க வைக்கும் தட்டை மைக்குகளும் உண்டு. ஷூர் பீட்டா 91ஏ, சென்ஹைசர் இ901 அந்த ரகம். 'டக்'கைப் பிடிப்பதில் கெட்டிக்காரர்கள். ஆனால் இவை கண்டென்சர் வகை. கருவியில் 48 வோல்ட் பொத்தானை அழுத்தினால்தான் உயிர் வரும்.

மைக்கைவிட அதை வைக்கும் இடமும், டிரம்மைத் தயார் செய்வதும் எவ்வளவு முக்கியம் என்பதற்கு இரண்டு கதைகள் உண்டு. இரண்டுமே இங்கிலாந்தில் நடந்தவை.

1966இல் லண்டன் இஎம்ஐ ஸ்டூடியோவில் பீட்டில்ஸ் குழு 'ரிவால்வர்' ஆல்பத்தைப் பதிவு செய்தபோது, ஒலிப்பதிவாளர் ஜெஃப் எமெரிக்குக்கு வயது 20. பேஸ் டிரம்முக்கு இரண்டடிக்குள் மைக்கை நெருக்கக் கூடாது என்பது அந்த ஸ்டூடியோவின் சட்டம். காற்றின் அடியில் மைக் கெட்டுவிடும் என்ற பயம். எமெரிக் சில அங்குலத்துக்குள் நெருக்கிவிட்டார். அதோடு, அங்கே கிடந்த நான்கு கழுத்துள்ள கம்பளிச் சட்டை ஒன்றைச் சுருட்டி ரிங்கோ ஸ்டாரின் டிரம்முக்குள் திணித்தார். நீண்டு அதிர்ந்துகொண்டிருந்த டிரம் சட்டென்று இறுகி, குத்துவிட்ட மாதிரி ஒலித்தது. அவர் பயன்படுத்தியது ஸ்டூடியோவில் ஏற்கனவே இருந்த ஏகேஜி டி20 மைக். புதிதாக எதையும் வாங்கவில்லை. இன்று உலகம் முழுவதும் பேஸ் டிரம்முக்குள் தலையணை வைக்கிறார்களே, அந்தப் பழக்கம் பரவியதில் அந்தச் சட்டைக்கும் பங்கு உண்டு.

இன்னொன்று லெட் செப்பலின். 'வென் தி லெவி பிரேக்ஸ்' பாட்டுக்காக ஜான் போனமின் டிரம்ஸை ஹெட்லி கிராஞ்ச் என்ற பழைய மாளிகையின் கூடத்தில் வைத்து, ஆண்டி ஜான்ஸ் என்ற ஒலிப்பதிவாளர் மாடிப்படியின் மேலிருந்து இரண்டு பெயர்டைனமிக் எம்160 மைக்குகளைத் தொங்கவிட்டார். அவ்வளவுதான். பேஸ் டிரம்முக்கென்று மைக்கே இல்லை. அந்தப் பதிவில் அந்த மிதி எப்படி இடிக்கிறது என்று கேட்டுப் பாருங்கள். ஆனால் இதைச் சொல்லி, "பார், மைக் தேவையே இல்லை" என்று மகனை மடக்கிவிடாதீர்கள் அம்மா. அந்தக் கூடத்தின் உயரமும், போனமின் 26 அங்குல டிரம்மும், அதைவிட முக்கியமாகப் போனமின் காலும் நம் வீட்டில் இல்லை.

நம் வீட்டில் இருப்பது பத்தடிக்குப் பன்னிரண்டடி அறை. 60 ஹெர்ட்ஸ் ஒலி அலை ஒன்றின் நீளம் ஏறக்குறைய 5.7 மீட்டர், அதாவது பதினெட்டு அடிக்கும் மேல். அறையைவிட அலை பெரிது! சுவரில் மோதித் திரும்பி, ஓர் இடத்தில் தன்னைத்தானே தூக்கிக்கொள்ளும், இன்னோர் இடத்தில் தன்னைத்தானே அழித்துக்கொள்ளும். அறையின் நடு மையத்தில் 'தும்' காணாமல் போவதும், மூலையில் நின்றால் குமுறுவதும் இதனால்தான். டிரம்ஸ் செட்டை இரண்டடி மூன்றடி நகர்த்திப் பார்த்துவிட்டுப் பதிவு செய்தாலே ஒரு புது மைக் வாங்கிய அளவு வித்தியாசம் தெரியும். செலவு, முதுகுவலி மட்டும்.

பிறகு தோல். பள்ளிக்கூடத்திலிருந்தோ யாரிடமிருந்தோ கைமாறி வந்த டிரம்மாக இருந்தால், சுத்தியல் படும் இடம் தேய்ந்து குழிந்திருக்கும். அதை மாற்றுவதுதான் முதல் செலவு. மைக்கின் விலையில் ஒரு சிறு பங்குதான் ஆகும். மாற்றியதும் எல்லாத் திருகுகளையும் சம அளவில், எதிரும் புதிருமாக முறுக்க வேண்டும். தவில்காரர்கள் வார் இழுப்பதைப் பார்த்தவர்களுக்கு இந்தப் பொறுமை புரியும். ஒரு பக்கம் இறுகி மறுபக்கம் தளர்ந்திருந்தால் டிரம் தனக்குத்தானே சண்டை போட்டுக்கொண்டிருக்கும். உள்ளே ஒரு சின்னத் தலையணை இரண்டு தோலையும் இலேசாகத் தொட்டால் போதும். மெத்தையையே திணித்தால் 'தும்' மூச்சுமுட்டிப் போகும். மிதியின் சுத்தியலில் கம்பளிப் பக்கம் உருண்டையான ஒலியும், பிளாஸ்டிக் பக்கம் கூர்மையான 'டக்'கும் கொடுக்கும். பல சுத்தியல்களில் இரண்டு பக்கமுமே இருக்கின்றன, திருப்பி மாட்டினால் ஆயிற்று. மிதியின் கீச்சுச் சத்தத்துக்கு இரண்டு சொட்டு எண்ணெய் விடுங்கள். வாசிக்கும்போது யாருக்கும் கேட்காது. மைக்குக்குக் கேட்கும்.

இவ்வளவும் செய்த பிறகு மைக். முன்பக்கத் தோலில் நான்கைந்து அங்குல ஓட்டை இருந்தால், மைக்கின் தலை அந்த வாயிலைச் சற்றே தாண்டி உள்ளே எட்டிப் பார்க்கும்படி வைத்துத் தொடங்குங்கள். இன்னும் உள்ளே, சுத்தியலுக்கு நேராகக் கொண்டுபோனால் 'டக்' கூடும். பக்கவாட்டில் திருப்பினால் மென்மையாகும். வெளியே இழுத்தால் டிரம்மின் முழு உடம்பும் கேட்கும், கூடவே மற்ற டிரம்களும் சிம்பலும் நுழையும். மைக்கின் வாய் ஓட்டையின் விளிம்புக்கு நேராக இருந்தால் உள்ளிருந்து பாய்ந்து வரும் காற்றே 'புஸ்' என்று பதிவாகும். இரண்டு விரற்கடை நகர்த்துங்கள். ஓட்டையே இல்லாத தோலாக இருந்தால் உடனே கத்தியை எடுக்காதீர்கள். அரையடி தள்ளி வெளியே வைத்துப் பாருங்கள். மெதுவான பாட்டுக்கு அதுவே அழகாக இருக்கும்.

பையனின் கருவியில் இரண்டு துளைகள்தான் இருக்கின்றன என்று எழுதியிருந்தார் அல்லவா? அவன் கேட்பதற்கு நியாயம் இருக்கிறது என்று நான் சொன்னதே அதனால்தான். டிரம்ஸ் முழுவதையும் இரண்டே மைக்கில் பிடித்தாக வேண்டும். ஏற்கனவே வீட்டில் இருக்கும் பாட்டு மைக்கை வாசிப்பவரின் வலது தோளுக்கு மேலிருந்து ஸ்னேர் டிரம்மைப் பார்த்தபடி வைத்தால், சிம்பலும் மற்ற டிரம்களும் ஓரளவு கௌரவமாக வந்துவிடும். அந்த மைக்கால் முடியாத ஒரே வேலை கீழே இருக்கும் 'தும்'. இரண்டாவது துளையில் அதற்கென்று பிறந்த மைக்கைச் செருகினால், இருப்பது போதும். பாட்டையும் கிட்டாரையும் பிறகு தனித்தனியாகப் பதிந்துகொள்ளலாம். எட்டுத் துளைக் கருவி, எட்டு மைக் என்று கனவு காண்பதைவிட இது எவ்வளவோ மலிவு.

இரண்டு மைக் வைக்கும்போது ஒரு சங்கதியைக் கட்டாயம் சோதிக்க வேண்டும். ஒலி ஒரு மில்லி விநாடியில் 34 சென்டிமீட்டர்தான் நகரும். ஒரே மிதி இரண்டு மைக்குக்கும் வெவ்வேறு நேரத்தில் போய்ச் சேரும். ஒன்றில் அலை முன்னால் தள்ளும்போது மற்றதில் பின்னால் இழுத்தால், இரண்டும் கழிந்து 'தும்' பாதியாகிவிடும். கணினி மென்பொருளில் ஒரு தடத்தைத் தலைகீழாக்கும் பொத்தான் இருக்கும். அதை அழுத்தியும் விட்டும் கேளுங்கள். எதில் அடிவயிறு நிறைகிறதோ அதை வைத்துக்கொள்ளுங்கள். இந்த ஒரு பொத்தானைத் தெரியாமல், மைக் சரியில்லை என்று விற்றவர்களை நான் பார்த்திருக்கிறேன். பதிவு அளவையும் அடக்கியே வையுங்கள். மிக ஓங்கிய மிதியிலும் ஊசி மைனஸ் 10 டெசிபலைத் தாண்ட வேண்டாம். உற்சாகம் பிறந்தால் ஒத்திகையைவிட ஓங்கித்தான் மிதிப்பார்கள்.

வாங்குவதற்கு முன் வாடகைக்குக் கேட்டுப் பாருங்கள். மணிக்கணக்கில் வாடகைக்கு விடும் ஜாமிங் ஸ்டூடியோக்களில் டிரம்ஸ் செட்டோடு இந்த மைக்குகளில் ஒன்றாவது இருக்க வாய்ப்பு அதிகம். கணினியும் கருவியும் எடுத்துக்கொண்டு போய் ஒரு மத்தியானத்தில் மூன்று பாட்டின் டிரம்ஸையும் முடித்துவிட்டால், மைக் வாங்க வேண்டிய அவசியமே வராமல் போகலாம். தாமான் வீட்டில் அடுத்த வீட்டுக்காரரோடு ஒரே சுவரைப் பங்கிட்டுக்கொண்டிருப்பவர்களுக்கு இதில் இன்னொரு நிம்மதியும் உண்டு. 'டக்'கை ஜன்னல் மறைக்கும், 'தும்'மைச் செங்கல் சுவர்கூட முழுதாக மறைக்காது.

வாங்கத்தான் போகிறீர்கள் என்றால், இணையத்தில் பாதி விலைக்குக் கிடைக்கிறதே என்று பாயாதீர்கள். பெயர்பெற்ற மைக்குகளுக்கு, குறிப்பாக ஷூர் மைக்குகளுக்கு, போலிகள் ஏராளம். பெட்டியும் எழுத்தும் அசலைப் போலவே இருக்கும், உள்ளே இருப்பது வேறு. உத்தரவாத அட்டை தரும் அதிகாரபூர்வ விற்பனையாளரிடம் வாங்குங்கள். பழையது வாங்கினால் கையில் வாங்கி, செருகி, கேட்டுவிட்டுப் பணம் கொடுங்கள். குட்டையான, அடிப்பாகம் கனத்த ஒரு ஸ்டாண்டுக்கும் நல்ல கேபிளுக்கும் சேர்த்துக் கணக்குப் போடுங்கள். இந்த மைக்குகள் கனமானவை. மெலிந்த ஸ்டாண்டில் மாட்டினால் இரண்டாவது பாட்டிலேயே தலை குனிந்துவிடும்.

பிறகு ஒன்று செய்யச் சொல்லுங்கள். ஒரே தாளத்தை மைக்கை மூன்று இடத்தில் வைத்து மூன்று முறை பதியட்டும். மூன்றையும் ஒரே சத்த அளவுக்குக் கொண்டுவந்த பிறகே ஒப்பிட வேண்டும், ஏனென்றால் சத்தம் கூடியது எதுவும் காதுக்கு நல்லதாகவே படும். எது எந்த இடம் என்று சொல்லாமல் கைப்பேசியில் ஒரு முறை, அப்பாவின் காரில் ஒரு முறை போட்டுக் காட்டட்டும். வீட்டில் டிரம்ஸைப் பற்றி ஒன்றும் தெரியாதவர் யாரோ, அவரே தேர்ந்தெடுக்கட்டும்.